ஒரு கூடு, ஒரு பருவம்: நேரலைக் கேமராவில் பறவைக் கூடு பார்க்கத் தொடங்குவோருக்கு

ஏப்ரல் கடைசியில் காரைக்குடியில் மாலை ஆறு மணி என்றால், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாகா ஊரில் காலை எட்டரை. அங்கே கார்னெல் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலின் விளக்குக் கம்பத்தில், சுமார் 80 அடி உயரத்தில், செவ்வால் பருந்து ஒன்று தன் குஞ்சுகளுக்கு இரையைக் கிழித்து ஊட்டிக்கொண்டிருக்கும். நாம் திண்ணையில் உட்கார்ந்தபடி அதே நேரத்தில் அதைப் போனில் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. மரமேறி எட்டிப் பார்த்தால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுப் போய்விடக்கூடிய ஒரு காட்சி, யாருக்கும் தொந்தரவில்லாமல் நமக்குக் கிடைக்கிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி ஏற்கெனவே உண்டு. பிள்ளைகள் நியூஜெர்சியிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால், "இப்ப அங்க மணி என்ன?" என்ற கணக்கு அப்பத்தா முதல் பேரப்பிள்ளை வரை எல்லாருக்கும் மனப்பாடம். கூடு பார்க்கத் தொடங்குகிறவர் தடுமாறும் முதல் இடம் இந்த நேரக் கணக்குதான்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு கூட்டைப் பிடியுங்கள், அந்தப் பருவம் முடியும்வரை அதை விடாதீர்கள். பத்துக் கூடுகளைத் தாவித் தாவிப் பார்த்தால் பத்துப் படங்கள் பார்த்ததாகத்தான் ஆகும். ஒரே கூட்டை முட்டையிலிருந்து பறக்கும்வரை பார்த்தால்தான் எது ஆண், எது பெண், எந்தக் குஞ்சு முந்துகிறது, எது பின்தங்குகிறது என்பதெல்லாம் புலப்படும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

என்ன வேண்டும்

போன், இணையம், யூடியூப். அவ்வளவு போதும். டேட்டாவை மட்டும் கவனியுங்கள். 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் அரை ஜிபி போகும். 720 என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்கள் அரைமணி நேரத்தை 480-இல் பார்த்தால் வீட்டுத் தேவைக்கும் மிச்சமிருக்கும். வீட்டில் வைஃபையும் டிவியும் இருந்தால் போனிலிருந்து டிவிக்கு மாற்றிவிடுங்கள். கேமரா பெரும்பாலும் கூட்டுக்குச் சற்று மேலேயோ பக்கத்துக் கிளையிலோ இருக்கும். முட்டையில் விழும் மயிரிழைக் கீறலைச் சின்னத் திரையில் பார்க்க முடியாது.

காதொலிக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கூட்டில் நடப்பதில் பாதி, கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வரும். வேறொரு பருந்து மேலே கடந்தால் தாயின் எச்சரிக்கைக் குரல் முதலில் கேட்கும், பிறகுதான் அது தலையைத் தூக்கும். இரையோடு இணை வருவதும் அப்படியே.

உங்கள் ஓய்வு நேரத்துக்கு ஏற்ற கூடு

உங்களுக்கு நாள்தோறும் தவறாமல் கிடைக்கும் அரைமணி நேரம் எது என்று முதலில் பாருங்கள். பறவையை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். என்னதான் அழகான பறவையானாலும் நீங்கள் ஓய்வாக இருக்கும்போது அங்கே நள்ளிரவு என்றால் ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள்.

மாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் நேரம் கிடைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் செவ்வால் பருந்துக் கேமராவைத்தான். 2012-இல் தொடங்கியது. அந்தக் கூட்டின் பெண் பறவைக்குப் பார்வையாளர்கள் வைத்த பெயர் பிக் ரெட். 2003-இல் அது இளம்பறவையாக இருந்தபோதே காலில் அடையாள வளையம் மாட்டியிருந்ததால் அதன் வயது ஐயமில்லாமல் தெரியும். அதன் இணை எஸ்ரா 2017-இல் இறந்தது. 2018-இல் ஆர்தர் என்ற இளம் ஆண் சேர்ந்தது. மார்ச் நடுவில் முட்டை, ஏப்ரல் கடைசியில் குஞ்சு, ஜூனில் பறப்பு என்று மூன்றே மாதத்தில் கதை முழுதும் முடிந்துவிடும். பள்ளித் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறையில் இருக்கும் நேரத்தில் குஞ்சு பொரிப்பது இன்னொரு நன்மை.

மதியம் தூங்கி எழுந்ததும் பார்க்க விரும்புபவர்களுக்கு ஐரோப்பா தோது. பிரிட்டன் கோடையில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். ஸ்காட்லாந்தில் லோவ்ஸ் ஏரிக்கரையில் விராலடிப்பானின் கூட்டைக் காட்டும் கேமரா இருக்கிறது. வடக்கே கோடைப் பகல் நீளம். ஜூனில் நம் மதியம் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் அங்கே வெளிச்சம் இருக்கும். வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்குத்தான் உட்கார முடிகிறது என்பவர்களும் இதைப் பார்க்கலாம். விராலடிப்பான் ஏப்ரலில் முட்டையிட்டுச் சுமார் 37 நாள் அடைகாக்கும். குளிர்காலத்தில் நம் நீர்நிலைகளுக்கும் இந்தப் பறவை வருவதுண்டு.

எஸ்தோனியாவின் கழுகு ஆர்வலர் சங்கம் காட்டுக்குள் கருநாரைக் கூட்டைக் காட்டுகிறது. நெதர்லாந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2007 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் பல கூடுகளை ஒரே இடத்தில் காட்டிவருகிறது. அதில் மீன்கொத்தியின் மண்வளைக்குள்ளே வைத்த கேமராவை ஒருமுறையாவது பாருங்கள். குஞ்சுகள் வட்டமாக நின்று, மீன் வாங்கியது பின்னுக்கு நகர, அடுத்தது முன்னுக்கு வரும். நம் கண்மாய்க் கரைகளில் பறக்கும் அதே சிறிய நீல மீன்கொத்திதான் அது. இங்கே அதன் வளைக்குள் என்ன நடக்கிறது என்று நாம் பார்த்ததே இல்லை.

விடியற்காலையில் எழுபவர்களுக்கு இரண்டு. நியூசிலாந்து அதன் கோடையில் நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால். நமக்குக் காலை ஐந்து என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை. தென்தீவின் டையாரோவா முனையில் அரச அல்பட்ராஸ் கூடு இருக்கிறது. இறக்கை விரித்தால் சுமார் மூன்று மீட்டர் அகலம். நவம்பரில் ஒரே ஒரு முட்டை. பதினோரு வாரம் அடை. ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பொரித்த குஞ்சு செப்டம்பரில்தான் கடலுக்குப் பறக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கூடு இல்லை. தொடக்கக்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை, மாதக்கணக்கில் ஒரே குஞ்சு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று கலிபோர்னியாவின் பிக் பேர் பள்ளத்தாக்கில் ஜாக்கி, ஷேடோ என்ற வெண்தலைக் கழுகு இணையின் கூடு. ஒரு ஊசியிலை மரத்தில் சுமார் 145 அடி உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில் முட்டையிடும். அந்த மாதத்தில் கலிபோர்னியா நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். காலை ஐந்தரைக்கு நாம் காபி குடிக்கும்போது அங்கே முந்தைய நாள் மாலை நான்கு. நம் மாலை ஏழரைக்கு அங்கே விடியும் நேரம்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். அந்த இரண்டு நாளும் உங்கள் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நாள்தோறும் சரியாக வந்த இரை வேளையைக் காணோமே என்று குழம்புவீர்கள்.

அசல்தானா?

கூட்டு நேரலைகளைத் திருடிப் பழைய பதிவை "நேரலை" என்று ஓடவிடும் சேனல்கள் நிறைய. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் கழுகுப் படங்களும் இப்போது பெருகிவிட்டன. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதை அந்த ஊர் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அந்த ஊரில் இரவாக இருக்க வேண்டிய வேளையில் திரையில் பளீரென்று வெயில் அடித்தால் அது பழைய படம். சேனலின் பெயர் கேமராவை வைத்த அமைப்பின் பெயராகவே இருக்க வேண்டும். அந்த அமைப்பின் இணையதளத்துக்குப் போய் அங்கிருந்து நேரலைக்கு வருவதுதான் ஐயமில்லாத வழி. ஒருமுறை வந்ததும் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை. குஞ்சைக் காப்பாற்றப் பணம் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தும் காணொளி எதற்கும் ஒரு காசு அனுப்பாதீர்கள்.

முதல் வாரம்

முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், காற்றில் இறகு அசையும், அவ்வளவுதான். அதை வீண் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்களில்தான் பறவைகளை அடையாளம் பிரிக்கப் பழக வேண்டும்.

பருந்து, கழுகு இனங்களில் பெண்தான் பெரியது. இரண்டும் ஒரே நேரத்தில் கூட்டில் நிற்கும்போது பார்த்தால் தெளிவாகத் தெரியும். தனியாக இருக்கும்போது எது என்று சொல்ல உடலில் வேறு அடையாளம் பிடிக்க வேண்டும். இத்தாகா இணையில் பிக் ரெட்டின் தலையும் தொண்டையும் கருமை கூடியவை, ஆர்தர் வெளிறிய நிறம். நாரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அலகின் நீளம், கால் வளையம் என்று தேட வேண்டும்.

அடைகாலத்தில் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, ஆள் மாறுவது: ஆண் வந்து நின்றதும் பெண் உடனே எழுகிறதா, இடம்கொடுக்க மறுக்கிறதா? இரண்டாவது, முட்டையை உருட்டுவது. பறவை எழுந்து, அலகால் முட்டைகளைப் புரட்டி, நகங்களை மடக்கிக்கொண்டு, உடலை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுபடி படுக்கும். நாட்டுக்கோழியை அடைவைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் பார்த்ததுமே புரியும். கோழிக்கு இருபத்தொரு நாள் போல ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வயிற்றில் இறகு உதிர்ந்த வெறுந்தோல் முட்டையில் நேராகப் படவே அந்த ஆட்டம். மூன்றாவது, முட்டை எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது என்பது. குளிர் நாளில் நிமிடக் கணக்குதான் இருக்கும்.

2024 பிப்ரவரியில் பிக் பேரில் பனிப்புயல் அடித்தபோது ஜாக்கி ஏறத்தாழ 62 மணி நேரம் எழுந்திருக்காமல் மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முதுகில் பனி மூடி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஆனால் அந்த மூன்று முட்டையும் பொரிக்கவில்லை. நாள் கடந்த பிறகும் ஜாக்கியும் ஷேடோவும் வெகுநாள் மாறி மாறி அடைகாத்தன. மறு ஆண்டு, 2025 மார்ச்சில், மூன்று குஞ்சுகள் பொரித்தன. அதே மாதம் ஒரு பனிப்புயலில் ஒன்று இறந்தது. மீதி இரண்டுக்கும் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுப்போட்டுச் சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். ஜூனில் இரண்டும் பறந்தன. இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கே சன்னி முதன்முதலாகக் கிளையைவிட்டுப் பறந்ததன் முழு எடையும் தெரியும்.

இரவில் படம் கறுப்பு வெள்ளையாக மாறும். அது அகச்சிவப்பு ஒளி. பறவைகளின் கண்ணுக்கு அது தெரியாது. கும்மிருட்டில் தூங்குவதாகவே அவை இருக்கும். விளக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறார்களே என்று பதற வேண்டாம்.

குஞ்சு வந்தபின்

முட்டையில் முதலில் ஒரு நட்சத்திரக் கீறல் விழும். குஞ்சின் அலகு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் உள்ளிருந்து குத்துவது அது. பெரிய பறவைகளில் கீறல் விழுந்து முழுதாக வெளிவர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்தச் சமயத்தில் மட்டும் உங்கள் அரைமணி நேர வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம்.

பிறகு தினமும் பார்க்க விஷயம் இருக்கும். இரை வந்ததும் குஞ்சின் கழுத்தடியில் ஒரு உருண்டை புடைக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தீனிப்பை. அது புடைத்திருந்தால் வயிறாரத் தின்றிருக்கிறது என்று பொருள். "சின்னக் குஞ்சுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை" என்று பார்வையாளர்கள் புலம்பும்போது அதன் தீனிப்பை நிறைந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நாம் பார்க்காத நேரத்தில் தின்றிருக்கும். பருந்துக் குஞ்சுகள் பொரித்துச் சில நாளிலேயே பின்னால் நகர்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, எச்சத்தைக் கூட்டுக்கு வெளியே பீய்ச்சும். பிள்ளைகளுக்கு இது பெருங்கொண்டாட்டம். கூடு சுத்தமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

வெள்ளைத் தூவி போய்ச் சாம்பல் தூவி வரும். அதற்குள்ளிருந்து இறகுக் குருத்துகள் முளைக்கும். பிறகு குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகும், காற்றில் ஒரு அங்குலம் எழும்பும், பக்கத்துக் கிளைக்குத் தாவும். செவ்வால் பருந்துக்குப் பொரித்து ஆறு வாரத்துக்குப் பின் எந்த நாளும் பறப்பு நாளாகலாம். வெண்தலைக் கழுகுக்குப் பத்து வாரத்திலிருந்து பதினான்கு வாரம்.

பறக்கும் கணத்தைத் தவறவிட்டால் கவலை வேண்டாம். யூடியூப் நேரலையில், அந்தச் சேனல் அனுமதித்திருந்தால், சுமார் பன்னிரண்டு மணி நேரம் வரை பின்னால் இழுத்துப் பார்க்கலாம். திரைக்கு அடியிலுள்ள கோட்டை இடப்பக்கம் நகர்த்துங்கள். பின்னால் போனபிறகு வேகத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டால் அவர்களது விடியற்காலை முழுவதையும் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிடலாம்.

நோட்டு

பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, நம் நேரம், அங்குள்ள நேரம், கூட்டில் யார், என்ன வந்தது, யாருக்கு முதலில் ஊட்டியது. ஒரு நாளுக்கு இரண்டு வரி போதும். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதும் ஒரு பதிவுதான், அதையும் எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் திரும்பிப் புரட்டும்போது, காற்றடித்த நாட்களில் இரை குறைந்தது, மூத்த குஞ்சு எப்போதும் ஒரே மூலையில் நிற்பது என்று எழுதியவருக்கே தெரியாமல் எழுதிய செய்திகள் வெளிப்படும். படம் வரையத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வாரம் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். திரைப் படத்தைச் சேமித்து வைப்பதைவிட வரைந்தது நினைவில் நிற்கும்.

"ஒருத்தர் ஏறி ஒருவாய் கொடுக்கக் கூடாதா?"

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி என்னோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். மூன்று குஞ்சில் கடைசிக் குஞ்சை மற்ற இரண்டும் கொத்தி ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு அன்று கேட்டார்கள்: "ஏந் தம்பி, உலகமே பாத்துக்கிட்டிருக்குங்கிறீக. ஏணி வச்சு ஒருத்தர் ஏறி அதுக்கு ஒருவாய் கொடுக்கக் கூடாதா?"

புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எல்லார் மனத்திலும் வரும் கேள்வி இது. பதிலையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

கழுகும் பருந்தும் முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. இடைவெளி விட்டு இடும். முதல் முட்டையிலிருந்தே ஓரளவு அடையும் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிக்கும். இரை நிறைய இருந்தால் எல்லாம் பிழைக்கும். பஞ்சம் வந்தால் மூத்தவை மட்டும் பிழைக்கும். எல்லாம் சேர்ந்து சாகாமல் ஒன்றிரண்டாவது தப்பிக்கும் ஏற்பாடு அது. செங்கால் நாரைகளில் வலுவற்ற குஞ்சைப் பெற்றோரே கூட்டிலிருந்து தூக்கி எறிவதும் உண்டு. நாரைக் கூட்டைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணி வைப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. வெண்தலைக் கழுகை அமெரிக்காவில் 1940 முதல் தனிச்சட்டம் காக்கிறது. அனுமதியில்லாமல் கூட்டை நெருங்கவே முடியாது. அதைவிடப் பெரிய காரணம், மனிதர் நெருங்கினால் இறகு முளைத்த மற்ற குஞ்சுகள் மிரண்டு பறக்கும் பருவத்துக்கு முன்பே குதித்துவிடும். ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டை இழக்க நேரும். தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் என்று மனிதர் போட்ட பொருளில் குஞ்சு சிக்கிக்கொண்டால் மட்டும் பல அமைப்புகள் வல்லுநரை அனுப்ப முயல்கின்றன.

விதிவிலக்கும் இருக்கிறது. டையாரோவா முனையில் நியூசிலாந்துப் பாதுகாப்புத் துறைக் காவலர்கள் அல்பட்ராஸ் குஞ்சுகளை எடை பார்க்கிறார்கள், இளைத்த குஞ்சுக்கு உணவு கொடுக்கிறார்கள், வெயில் நாளில் நீர் தெளிக்கிறார்கள். அழியும் நிலையில் உள்ள இனம் அது. அங்கே ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் வரும். ஆச்சிக்கு இதைச் சொன்னதும், "அப்ப அந்தக் கூட்டையே போடுங்க" என்றார்கள். அதுவும் சரியான முடிவுதான். மனம் தாங்காதவர்கள், சிறுபிள்ளைகளோடு பார்ப்பவர்கள், அல்பட்ராஸையோ ஒரே குஞ்சு உள்ள வேறு கூட்டையோ தேர்ந்தெடுக்கலாம். ஒரு குஞ்சு இறக்கும் நிலையில் இருந்தால் பிள்ளைகளிடமிருந்து மறைத்துத் திரையை அணைத்துவிட்டு "பறந்து போச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். மறுநாள் மற்றக் குஞ்சுகளைக் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகத் தாங்குவார்கள்.

கூகைக்காக ஒரு வேண்டுகோள்

நம் பக்கத்துப் பூட்டிய பெரிய வீடுகளில், ஓட்டுக்கடியிலும் இருட்டு அறைகளிலும் கூகை குடியிருக்கும். அது கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று விரட்டுகிறோம், சிலர் கூட்டையே கலைக்கிறார்கள். நெதர்லாந்து நேரலையில் கூகைக் கூடு வரும் ஆண்டில், ஒரே ஒரு இரவைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர்களுடைய இரவு நமக்கு நடுச்சாமம் தாண்டித்தான் தொடங்கும். காலையில் எழுந்து பின்னால் இழுத்துப் பார்த்தால் போதும். எலி, எலி, மறுபடியும் எலி. இருட்டில் ஆண் கொண்டுவந்து கொடுத்தபடியே இருக்கும், பெண் வாங்கி ஊட்டியபடியே இருக்கும். நெல்மூட்டை அடுக்கிய வீட்டுக்கு இதைவிட வேண்டிய விருந்தாளி கிடையாது. விரட்டச் சொல்லும் பெரியவர்களுக்கு விளக்கம் சொல்வதைவிட இந்தப் பதிவைக் காட்டுவது எளிது.

நம்மூர்க் கூட்டுக்கு வரும்போது

கேமராவில் ஒரு பருவம் பார்த்துமுடித்தவர் கொள்ளுக்குடிப்பட்டிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். திருப்பத்தூருக்குப் பக்கம், 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான். பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிறைந்த ஆண்டுகளில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் என்று கூடுகள் நிறைந்திருக்கும். மழை பொய்த்தால் பறவையும் வராது. புறப்படுமுன் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தாரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை. ஏன் என்பது கூட்டுக் கேமரா பார்த்தவருக்கு விளக்காமலே தெரியும்: சத்தத்தில் தாய் எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் காயும், காக்கை காத்திருக்கும்.

கரையில் நின்று இருகண்ணோக்கியில் பார்த்தால், கருநாரைக் கேமராவில் பழகியதெல்லாம் இங்கே உதவும். நாரை குஞ்சின் வாயில் ஊட்டாது; மீனைக் கூட்டின் தரையில் கக்கும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். உச்சிவெயிலில் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கும். தூரத்திலிருந்து வெறும் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவதில் இப்போது எது ஊட்டுகிறது, எது நிழல் பிடிக்கிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.

கடைசியாக, சொந்தக் கேமரா. வெளியூரில் இருப்பவர்கள் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு முகப்பிலும் வளவிலும் சிசிடிவி வைத்திருக்கிறார்கள். அதன் பார்வையில் சிட்டுக்குருவி கூடு கட்டினால் அதுவே உங்கள் நேரலை; சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பார்க்கலாம். ஆனால் கூடு கட்டத் தொடங்கியபின் கேமராவைத் திருப்பாதீர்கள், கிட்டே நகர்த்தாதீர்கள், விளக்குப் போடாதீர்கள். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பதற்குள் அடங்கும். புதிதாக வைக்க நினைத்தால் கூடு இல்லாத நேரத்தில் வையுங்கள். குருவிப் பெட்டி மாட்டுவதானால் வாயில் 32 மில்லிமீட்டர் இருக்கட்டும், ஒன்றேகால் அங்குலம். மைனா நுழையாது. கேமரா வாங்கும்போது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என்று கேட்டு வாங்குங்கள். 850 உள்ளதில் இருட்டில் லேசான சிவப்பு ஒளி தெரியும்.

அந்தக் காட்சியை ஊருக்கெல்லாம் காட்ட ஆசை வரும். ஆளில்லாத வீடு எது என்று உலகத்துக்குச் சொல்வதாகிவிடும், வேண்டாம். கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், வாங்கியபோது இருந்ததையே விட்டுவைக்காதீர்கள். கிளிப் பொந்து என்றால் இன்னும் கவனம். குஞ்சு பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்த மரம் என்று படத்தில்கூடத் தெரியக்கூடாது.

சிட்டுக்குருவி இரண்டு வாரத்துக்குள் அடைகாத்து முடிக்கும், குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்தில் வெளியேறிவிடும். கூடு காலியாகிவிட்டதென்று உடனே கூரை ஓட்டைத் துடைக்க ஆள் அனுப்பாதீர்கள். அதே இணை அதே கூட்டில் மறுபடி முட்டையிடுவது வழக்கம். சில வாரம் கேமராவில் பார்த்து, குருவி வைக்கோல் கொண்டுவரவில்லை என்று உறுதியானபின் வேலையாளைக் கூப்பிடுங்கள்.